பைக் நடுவழியில் நின்றால்: கிளம்புவதற்கு முன்பே பழகி வைக்க வேண்டியவை

நெடுந்தூரம் பைக்கில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும் என்பதைத்தான். வாங்க வேண்டியவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் ஒரு தடவைகூடக் கழற்றிப் பார்க்காத ஸ்பார்க் பிளக்கை, விழுப்புரம் தாண்டி லாரி உரசிக்கொண்டு போகிற ரோட்டோரத்தில், மத்தியான வெயிலில், கண்ணில் வியர்வை இறங்க நின்றுகொண்டு உங்களால் கழற்ற முடியாது. கைக்குப் பழகாத சாமான் பையில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். அதனால் இங்கே வருவதில் பெரும்பகுதி வீட்டில் செய்ய வேண்டிய வேலை. ஸ்ப்ளெண்டரோ பல்சரோ புல்லட்டோ, அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நட்டு அளவும் ஃபியூஸ் இருக்கிற இடமும்தான் வண்டிக்கு வண்டி மாறும்.

சர்வீஸை ஒரு வாரம் முன்னதாக முடியுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை சர்வீஸிலிருந்து எடுத்து, சனிக்கிழமை விடிகாலையில் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள். சர்வீஸில் எதையாவது பிரித்திருப்பார்கள். திரும்ப மாட்டும்போது ஒரு போல்ட் சரியாக முறுக்காமல் விடுபட்டிருக்கலாம், செயினை அளவுக்கு மேல் இழுத்து வைத்திருக்கலாம், பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்கலாம். இந்த மாதிரிக் கோளாறுகள் பெரும்பாலும் முதல் நூறு கிலோமீட்டருக்குள் தலைகாட்டிவிடும். அந்த நூறு கிலோமீட்டர் உங்கள் ஊருக்குள், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஓடி முடியட்டும்.

அந்த வாரத்தில் வண்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். திடீரென்று படுத்துவிட்டது என்று சொல்லப்படுகிற வண்டிகள் பலவும் அதற்கு முன்னால் பல நாள் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். கிளட்ச் பிடிக்க வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதா? லீவர் பக்கம் கேபிளின் நுனியைப் பாருங்கள், கம்பி இழைகள் ஒன்றிரண்டு பிரிந்து நின்றால் அது அறுந்துபோக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறதா, ஹாரன் சத்தம் மங்கியிருக்கிறதா? அப்படியானால் பேட்டரியைப் பாருங்கள். வேகம் குறைக்கும்போது செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறதா? வண்டியை ஸ்டாண்டில் போட்டு, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும், உங்கள் வண்டியின் சரியான அளவு மேனுவலில் இருக்கும்.

டயர் விஷயத்தில் பட்டனை, அதாவது ரோட்டில் படுகிற பரப்பின் மேடு பள்ளங்களை, மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாகவே இருந்தாலும் பழைய டயர் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விட ஆரம்பித்திருந்தால் அதை நம்பித் தூரமாகப் போகாதீர்கள். காற்று அளவு செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு அளவு வேறு. டயர் சூடாவதற்கு முன், காலையில் வீட்டுப் பக்கத்திலேயே பிடித்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில்

இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதுதான் உண்மையில் காப்பாற்றும். பழைய சாக்கு ஒன்றை விரித்து உட்காருங்கள். வண்டியோடு வந்த டூல் பையைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பேனரும் எந்த நட்டுக்கு உட்காருகிறது என்று மாட்டிப் பாருங்கள். பின்சக்கர ஆக்சில் நட்டை ஒர்க்ஷாப்பில் ஏர் கன்னால் முறுக்கியிருப்பார்கள், பையில் இருக்கிற அந்தக் குட்டி ஸ்பேனர் அதை அசைக்கக்கூட அசைக்காது. அது இன்றைக்கே தெரிந்தால் நீளமான கைப்பிடி உள்ள ரிங் ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலால்தான் முறுக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரைப் போட்டால் மரை கோணலாக ஏறி சிலிண்டர் ஹெட்டே வீணாகும். அடுத்தது ஃபியூஸ் பெட்டி. பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ பக்கக் கவருக்குள்ளோ இருக்கும், பல வண்டிகளில் உபரி ஃபியூஸையும் அதிலேயே வைத்திருப்பார்கள். கழற்றிப் பார்த்து, எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

டியூப்லெஸ் பஞ்சர் கிட் வாங்கியிருந்தால் அதையும் இப்போதே பழகுங்கள். பக்கத்து பஞ்சர் கடையில் தூக்கிப்போடுகிற பழைய டயர் ஒன்றைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதில் ஆணி அடித்து, பிடுங்கி, ஸ்ட்ரிப் (ஓட்டையை அடைக்கிற ரப்பர் துண்டு) ஏற்றிப் பாருங்கள். டயர் ரப்பர் எவ்வளவு கெட்டி, அதற்குள் ஊசியை இறக்க எவ்வளவு பலம் தேவை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பையில் என்ன

ஸ்க்ரூடிரைவர் (தட்டையும் ஸ்டாரும் மாற்றிக்கொள்வது), கட்டிங் பிளேயர், உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற ஸ்பேனர்கள், ஆலன் கீ, பிளக் ஸ்பேனர். உபரி பாகங்களில் பிளக் ஒன்று, ஃபியூஸ், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், செயின் லாக் (செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கிற கண்ணி) ஒன்று, கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் ஒவ்வொன்று. லீவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், நின்ற இடத்தில் வண்டி சாய்ந்து விழுந்தாலே முதலில் உடைவது அதுதான். இவற்றோடு இன்சுலேஷன் டேப், ஜிப் டை ஒரு கட்டு, கட்டுக்கம்பி கொஞ்சம், எம்சீல் (பிசைந்து அப்பினால் இறுகுகிற பசை) ஒரு பாக்கெட். வழியில் கல் அடித்து இன்ஜினுக்கு அடியில் ஆயில் கசிந்தால், இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து எம்சீலை அப்பினால் அடுத்த ஊர் வரைக்கும் தாங்கும். தலையில் மாட்டுகிற டார்ச் வாங்குங்கள். செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்ய முடியாது.

டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும். சைக்கிள் பம்பு வாங்குவதாக இருந்தால் பைக் வால்வில் அது உட்காருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ட்யூப் டயர் வண்டி என்றால் முன், பின் இரண்டு அளவிலும் ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மாட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் உங்கள் அளவு ட்யூப், முக்கியமாக 19 அங்குலச் சக்கரத்துக்கு, சின்ன ஊர்க் கடையில் கிடைக்காமல் போகலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்ப்ளெண்டர், பல்சர், டிவிஎஸ் மாதிரி வண்டிகளுக்குப் பாகம் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும், அதனால் கொஞ்சம் எடுத்துப் போனால் போதும். ரோட்டில் அபூர்வமாகப் பார்க்கிற வண்டி வைத்திருக்கிறவர்கள்தான் பிரேக் பேட் வரை கையோடு கொண்டுபோக வேண்டும். அப்புறம், நாம் ஊர் சுற்றப் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் கடையும் ஸ்பேர்பார்ட்ஸ் கடையும் அடைத்திருப்பதும் பெரும்பாலும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். பொங்கல், ஆயுதபூஜை நாட்களைக் கேட்கவே வேண்டாம். மலைப்பக்கம் சிக்னல் இல்லாமல் யுபிஐ வேலை செய்யாது, ஆகவே ரொக்கம் கொஞ்சம் தனியாக வைத்திருங்கள்.

வண்டி நின்றவுடன்: முதலில் இடம், அப்புறம்தான் ரிப்பேர்

இன்ஜின் இழுப்பு குறைகிறது என்று தெரிந்தவுடன் கிளட்சைப் பிடித்து, இருக்கிற வேகத்திலேயே இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். வளைவிலோ, வளைவு முடிகிற இடத்திலோ, பாலத்தின் மேலோ நிற்காதீர்கள்; ஐம்பது மீட்டர் தள்ளினாலும் பரவாயில்லை, பின்னால் வருகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற நேர்ரோட்டுக்குப் போய்விடுங்கள். ரோட்டுக்கு முதுகைக் காட்டி, வண்டிக்கும் போக்குவரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பது உயிருக்கு ஆபத்து. முடிந்தால் வண்டியைத் தார் ரோட்டை விட்டே கீழே இறக்குங்கள். கூட வந்தவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும்.

பின்னால் கல்லோ மரக்கிளையோ வைத்து எச்சரிப்பது நம் ஊர் வழக்கம். கிளை வையுங்கள், கல் வேண்டாம். எதை வைத்தாலும் கிளம்பும்போது எடுத்து ஓரத்தில் போடுங்கள். லாரிக்காரர் வைத்துவிட்டுப் போன கல்லில் ராத்திரி ஏறி விழுகிற பைக்காரர் உங்களையும் என்னையும் மாதிரி ஒருவர்தான்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றிருந்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஓரத்தில் இருக்கிற கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள்: தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அடிபட்டிருந்தால் 108, வேறு அவசரம் என்றால் 112.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது

பதற்றத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறவர்கள்தான் நிறைய மாட்டிக்கொள்கிறார்கள். வரிசையாகப் போங்கள். முதலில் கில் சுவிட்ச், அதாவது ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கிற சுவிட்ச்: கை பட்டு ஆஃப் ஆகியிருக்கிறதா? பெட்ரோல் இருக்கிறதா? பழைய வண்டி என்றால் பெட்ரோல் டேப் ரிசர்வுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா? சைடு ஸ்டாண்ட் முழுதாக மேலே போயிருக்கிறதா?

சைடு ஸ்டாண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிஎஸ்6 (2020 முதல் வந்த புகை விதி) வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் அணையும்படி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, முதல் கியர் போட்டவுடன் பொசுக்கென்று அணைந்தால் சந்தேகம் அந்த சுவிட்சின் மேல்தான் போக வேண்டும். மண் ரோட்டிலோ மழையிலோ ஓட்டி வந்திருந்தால் சேறு அடைத்திருக்கும். குடிதண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அந்த இடத்தைக் கழுவி, ஸ்டாண்டைப் பத்துத் தடவை மேலும் கீழும் தட்டுங்கள். பல சமயம் அத்தோடு சரியாகிவிடும். வண்டி கீழே விழுந்து எழுந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியை ஒரு தடவை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் உள்ள வண்டிகளில் அப்படிச் செய்தால்தான் அது விடும்.

செல்ஃப் சுற்றவே இல்லையா? ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரனும் லைட்டும் சுத்தமாக இல்லையென்றால் மெயின் ஃபியூஸ் அல்லது கழன்ற டெர்மினல். மங்கலாக இருந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி, வேகம் வந்ததும் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தபடியே கிளட்சை விட்டால் கிளம்பும். ஆனால் ஒன்று, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் (கார்புரேட்டர் இல்லாதது) டாங்க்கில் இருக்கிற பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும், பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் வீண். புது ஃபியூஸ் போட்டவுடனே அதுவும் போனால் எங்கேயோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது. ஹேண்டில் திரும்புகிற இடத்தில்தான் பெரும்பாலும் தோல் கிழிந்திருக்கும், அங்கே டேப் சுற்றுங்கள். ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பியைச் சுற்றி ஓட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள், வண்டியே எரிந்துபோகும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது ஸ்பார்க், இரண்டில் ஒன்று. இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டவுடன் டாங்க் பக்கமிருந்து இரண்டு மூன்று வினாடி 'உய்ங்' என்று பம்பு சத்தம் வரும். வீட்டில் இருக்கும்போதே அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் அது வராவிட்டால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்த மாதிரி. சத்தம் வருகிறது என்றால் பிளக் கேப் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, மழைத்தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள், துடைத்து மாட்டுங்கள். பிறகுதான் பிளக்கை மாற்றுவது. பங்க்கில் பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வண்டி திக்கித் திணறி நின்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம், மழைக்காலத்தில் இது நடக்கிறது. பில்லை வைத்திருங்கள். வேறு கலப்படம் என்று சந்தேகம் வந்தால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை செய்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பஞ்சர்

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், அளவாகக் காற்றை அடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் நிதானமாகப் போய்விடலாம், ஓரத்தில் பழைய டயர் தொங்குகிற இடம்தான் அடையாளம். ராத்திரியும் விடிகாலையும் கடை இருக்காது, அப்போது நீங்களே செய்யலாம்.

ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் பாதிவரை கோத்து, பசை தடவித் தயாராக வைத்துக்கொண்ட பிறகு பிளேயரால் ஆணியைப் பிடுங்குங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருந்ததோ அதே சாய்வில், கிட்டில் இருக்கிற இன்னொரு ஊசியை, துளையைத் தேய்க்கிற சொரசொரப்பான ஊசியை, இறக்கி நாலைந்து தடவை மேலும் கீழும் தேயுங்கள். பிறகு ஸ்ட்ரிப்பை இறக்குங்கள், வெளியே இரண்டு நுனியும் அரை அங்குலம் நிற்கும் வரை. ஊசியைத் திருகாமல் வெடுக்கென்று நேராக இழுங்கள், ஸ்ட்ரிப் உள்ளேயே நின்றுவிடும். மிச்ச நுனியை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டிக் காற்றடித்து, மேலே தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் இந்த வேலை ஆகாது, டயரை மாற்றத்தான் வேண்டும். ஸ்ட்ரிப் போட்ட டயரில் வேகம் போகாதீர்கள், ஊருக்கு வந்ததும் உள்பக்கம் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிளும் செயினும்

புல்லட் ஓட்டுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. புதுக் கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், ஓடுகிற கேபிளின் கூடவே அதே வழியில் கொண்டுபோய் ஜிப் டையால் கட்டி, இரண்டு நுனிகளிலும் தூசி, தண்ணீர் புகாமல் டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். அறுந்தால் டாங்கைக் கழற்ற வேண்டியதில்லை, நுனிகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும். எந்த வண்டிக்கும் இதைச் செய்யலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

உபரி இல்லாமல் அறுந்துவிட்டால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளி உருளவிட்டு முதல் கியரைத் தட்டினால் ஒரு குலுக்கலோடு கிளம்பும். மேல் கியருக்கு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுகிற நொடியில் கியர் லீவரைத் தட்டுங்கள். காலி ரோட்டில் பழகிப் பார்க்காமல் டிராஃபிக்கில் இதைச் செய்ய வேண்டாம், பிரேக் போட்டால் இன்ஜின் அணைந்துதான் வண்டி நிற்கும்.

செயின் லாக் கழன்று விழுந்தால், புது லாக்கை மாட்டும்போது அந்த மீன் வடிவக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளந்த பக்கம் பின்னால். திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

மலைப்பாதை

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறும்போது இன்ஜின் சூடேறி இழுக்கத் திணறினால் நிழலில் நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். உண்மையான ஆபத்து இறங்கும்போதுதான். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கவே கூடாது. பிரேக் கருகுகிற வாசனை வந்தாலோ லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போனாலோ நின்றுவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறட்டும். பண்டிப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. முதுமலை, பண்டிப்பூர் வழியாகப் போகிறவர்கள் வண்டி ஒரு மணி நேரம் நின்றாலும் வெளிச்சத்தோடு காட்டைத் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள். யானை நடமாடுகிற இடத்தில் வண்டி நின்றால் அதை விட்டுவிட்டு, வருகிற பஸ்ஸையோ லாரியையோ நிறுத்தி ஏறி, வனத்துறைச் சோதனைச்சாவடியில் சொல்லுங்கள்.

கையை எடுத்துவிட வேண்டிய நேரம்

இன்ஜினுக்குள்ளிருந்து இரும்பு இடிக்கிற சத்தம், ஆயில் முழுவதும் கொட்டிப்போவது, வெள்ளத்தில் இறங்கி ஏர் ஃபில்டருக்குள் தண்ணீர் போனது: இந்த மூன்றில் எது நடந்தாலும் ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடச் செய்யாதீர்கள். மற்றபடி நம்மால் முடிந்ததையெல்லாம் பார்த்தும் முக்கால் மணி நேரத்தில் ஆகவில்லை, இருட்டவும் போகிறது என்றால் வேலையை நிறுத்திவிட்டு வண்டியை ஏற்றுகிற வழியைப் பாருங்கள். இன்ஷூரன்ஸில் ரோட்டோர உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணும் பாலிசி எண்ணும் போனிலும், ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், மெக்கானிக் எண்ணும் குட்டி யானை (டாடா ஏஸ் மாதிரிச் சின்னச் சரக்கு வண்டி) ஓட்டுகிறவர் எண்ணும் அவரிடம் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொரு பைக்காரர் தன் காலை நம் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது சமதளத்தில், ஊருக்குள், கொஞ்ச தூரத்துக்குத்தான். நெடுஞ்சாலையிலும் மலையிலும் யார் ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குட்டி யானையில் ஏற்றும்போது கூட நின்று பாருங்கள். முன்சக்கரம் கேபின் பக்கச் சுவரில் முட்டி நிற்க வேண்டும், முதல் கியரில் இருக்க வேண்டும், பெட்ரோல் டேப் இருந்தால் அடைத்திருக்க வேண்டும். கயிற்றை ஹேண்டிலின் இரண்டு பக்கமும் கட்டி, முன் ஃபோர்க் பாதி அமுங்குகிற அளவுக்கு இழுத்து முடியுங்கள். அமுங்கி நின்றால்தான் பள்ளத்தில் தூக்கிப்போடும்போது கயிறு தளராது. கயிறு டாங்கில் உரசுகிற இடத்தில் சாக்கை மடித்துக் கொடுங்கள். பின்பக்கம் ஒரு கட்டு தனியாக. பத்துக் கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை நிறுத்தச் சொல்லி எல்லா முடிச்சையும் இழுத்துப் பாருங்கள்.